‘தூரமா?’: கரிவலம்வந்தநல்லூர்ப் பேருந்து நிறுத்த வினாவியல் – ஓர் ஆய்வு

ஆய்வுக்களத்தை வரையறுக்காத ஆய்வுக்குப் பட்டம் கிடைக்காது என்பதால், முதற்கண் வரையறை. ஓர் ஊரை நகரம் என்று ஒப்புக்கொள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை மூன்று நிபந்தனைகள் வைத்திருக்கிறது: குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர், முதன்மைத் தொழிலாளரான ஆண்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் வேளாண்மை அல்லாத வேலையில் இருத்தல். மூன்றும் எண்ணிப் பார்க்கத் தக்கவை. ஆகவே எதையும் சொல்லாதவை. இக்கட்டுரை நான்காவதை முன்வைக்கிறது. கையில் பையோடு பஸ்ஸுக்கு நிற்பவரை யாரும் எதுவும் கேட்காத இடம் நகரம். மூன்று பேராவது கேட்கும் இடம் சிற்றூர். பதிலைத் தெரிந்துவைத்துக்கொண்டே கேட்கும் இடம் கரிவலம்வந்தநல்லூர்.

இவ்வூர் சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் உள்ளது. நீண்ட காலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, 22.11.2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டம் மாறிய மறுநாளும் ‘தூரமா?’ என்ற அதே வினா அதே தொனியில் கேட்கப்பட்டது என்பது டீக்கடை பெஞ்சு வழிச் செய்தி. எனவே நிர்வாகச் சீர்திருத்தத்துக்கும் வினாவியலுக்கும் தொடர்பில்லை என்க.

இனி முன்னாய்வுகள். ஊர்க்கோயிலில் பால்வண்ணநாதரும் ஒப்பனையம்மாளும் எழுந்தருளியிருக்கிறார்கள். இத்தலத்தின் மேல் எழுந்த திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதியைப் பாடியது அதிவீரராம பாண்டியரா, வரதுங்கராம பாண்டியரா என்பதில் இரண்டு கட்சி உண்டு. இரண்டு கட்சியும் நம் பொருளைத் தொடவில்லை. வேறு சான்று கிடைக்குமா என்றால், அங்கேதான் சிக்கல். பாண்டியர் காலத்து ஏடுகள் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே.சாமிநாதையர் இவ்வூருக்கு வந்தார். பழைய ஏடுகளை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டோம் என்று பதில் வந்தது. நெஞ்சு பதறும் இச்செய்தியை அவரே ‘என் சரித்திரம்’ நூலில் எழுதியிருக்கிறார்.

எரிந்த ஏடுகளில் வினாவியலுக்கென்று தனி இயலே இருந்தது என இக்கட்டுரையாளர் துணிகிறார். மறுப்பவர் ஏட்டைக் காட்டி மறுக்கட்டும். இந்த முறையை ஊன்றுகோலாகக் கொண்டு நடமாடும் ஆய்வேடுகள் நம் பல்கலைக்கழக நூலகங்களில் பல உண்டு. உ.வே.சா.வுக்கு இந்தச் சுருக்குவழி தோன்றவில்லை. பாவம், ஊர் ஊராக அலைந்தார்.

வினா வகை நான்கு.

முதலாவது, தலையை மட்டும் அசைத்தல். இதில் ஆய ஒன்றுமில்லை.

இரண்டாவது, “சோலியா?” உரிமை குறைந்தவர் கேட்பது.

மூன்றாவது, “எங்க?” இது விலக்கப்பட்ட வினா. கிளம்புகிறவரை ‘எங்கே’ என்று கேட்டால் போன காரியம் விளங்காது. கேட்பவர்கள் பெரும்பாலும் விடுமுறைக்கு வந்த வெளியூர்ப் பிள்ளைகள். பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு திருந்திவிடுவார்கள்.

நான்காவது, “தூரமா?” இதுவே தலையாய வினா. இதைக் கேட்பவர் வாயைப் பார்த்துப் பதிலை அறிவதில்லை, கையைப் பார்த்து அறிகிறார் (டீக்கடை பெஞ்சு, வடமுனை, வாய்மொழி). ஜவுளிக்கடைக் கட்டைப்பை என்றால் விசேஷ வீடு. பிளாஸ்டிக் ஃபைல் என்றால் தாலுகா ஆபீஸ். பட்டாவில் பெயர் மாற்றம். இன்றைக்கும் முடியாது (மேற்படி பெஞ்சு, தென்முனை, இரண்டாம் டீக்குப் பின்). தூக்குவாளி என்றால் ஆஸ்பத்திரியில் ஆள் படுத்திருக்கிறது. வாளியில் இருப்பது கஞ்சியா ரசஞ்சாதமா என்பது கொண்டு நோயின் கடுமை உணரப்படும் (மேற்படி, தினசரியின் நடுத்தாளுக்காக நடந்த இழுபறியின் இடையே, பாட பேதம்: ‘இட்லி’ என்பது டீ மாஸ்டர் கொண்ட பாடம். அவர் பாய்லருக்கு அப்பால் நின்று பார்த்தவராதலின் அது கொள்ளத்தக்கதன்று).

வெறுங்கை வீசிக்கொண்டு நிற்பவர்தான் பேராபத்து. அவரைப் பற்றி ஊர் எதையும் நினைக்கலாம்.

பையை மறைத்தால் தப்பலாமே என்பாரும் உளர். அவர் சாலையை மறந்தவர். சங்கரன்கோவில் பஸ்ஸுக்கு ஒரு பக்கம், ராஜபாளையம் பஸ்ஸுக்கு எதிர்ப்பக்கம். நிற்கும் பக்கமே பாதி வாக்குமூலம். இதற்குப் பின்வரும் உரையாடல் சான்று:

“என்ன மாப்ளே, தூரமா?”

“சும்மா, இந்தா சங்கரங்கோயில் வரைக்கும், மாமா.”

“அதுக்கு அந்தப் பக்கம்லா நிக்கணும்?”

மாப்பிள்ளை வாட்சைப் பார்க்கிறார். மாமா அவர் சட்டையைப் பார்க்கிறார். சட்டை புதிது, மடிப்புக் கோடு இன்னும் கலையவில்லை, காலரில் பவுடர். பஸ் வருவதற்குள் முடிவு கட்டப்படுகிறது: ராஜபாளையத்தில் பெண் பார்க்கப் போகிறார். அவர் மாலையில் இறங்கும்போது, பெண்ணின் தகப்பனார் வேலை பார்க்கும் மில், அவருக்கு அங்கே எத்தனை வருஷ சர்வீஸ், பெண் ஒரு தெத்துப்பல்லோடு லட்சணமாகவே இருப்பாள் என்பது ஈறாக எல்லாம் பெஞ்சுக்கு வந்து சேர்ந்திருக்கும் (மூலம்: பெண்ணின் தெருவில் வாழ்க்கைப்பட்ட நம்மூர்ப் பெண், அவள் போனில் தாய்க்குச் சொல்ல, தாய் பால் வாங்க வந்த இடத்தில் சொல்ல, பால்காரர் டீக்கடைக்குப் பால் ஊற்றுகையில் சொன்னது, மூன்று வாய் கடந்தும் பிழை புகவில்லை). பெண் வீட்டார் என்ன முடிவெடுத்தார்கள் என்பது மட்டும் மாப்பிள்ளைக்கே இன்னும் தெரியாது.

இத்தகைய சரிபார்ப்பு, கட்டணம் கட்டினால் மூன்றே நாளில் அச்சேற்றித் தரும் ஆய்விதழ்களில் உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது. அங்கே கட்டுரையைப் படித்துப் பார்க்கும் வல்லுநர் குழு இருப்பதாக முன்னட்டை சொல்லும். இங்கே குழு நாள்தோறும் காலை ஆறு மணிக்குக் கண்ணெதிரே கூடுகிறது. கட்டணமும் டீயோடு சரி.

சென்னையிலோ கோவையிலோ ஒருவர் பெட்டியும் படுக்கையுமாய் ஒரு மாதம் காணாமல் போனாலும் எதிர்வீட்டில் கேள்வி எழாது. அது சுதந்திரம் என்று வெளியூரில் வேலைக்குப் போன எங்கள் பிள்ளைகள் சொல்கிறார்கள். நானும் நம்புகிறேன். கரிவலம்வந்தநல்லூரில் யாரிடமும் சொல்லாமல் ஒரு நேர்காணலுக்குப் போய்த் தோற்றுவிட்டு வர முடியாது. கூடவே நின்று தோற்க நாற்பது பேர் இருப்பார்கள். அந்த நாற்பது பேருக்கும் தனித்தனியே காரணம் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு நேர்வு மேற்கண்ட பாகுபாட்டுக்கு அடங்கவில்லை. கையில் பெரிய எக்ஸ்ரே கவரோடு ஒருவர் நின்றால் “தூரமா?” கேட்கப்படுவதில்லை. “கூட யாரு வாரா?” என்பது மட்டுமே கேட்கப்படுகிறது. யாரும் இல்லை என்றால், கேட்டவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திருநெல்வேலி வரைக்கும் ஏறிவிடுகிறார். கடையைப் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொள்கிறார். கோட்பாட்டுக்கு ஒத்துவராத தரவை அடிக்குறிப்பில் தள்ளுவதே மரபு. இக்கட்டுரையில் அடிக்குறிப்பு இல்லாததால் இங்கேயே கிடக்கட்டும்.

மேலாய்வுக்கு வரும் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் கேள்வி உங்களை நோக்கித்தான் வரும்: “தம்பி, யாரு வீட்டுக்கு?” வினாநிரலைப் பையிலிருந்து எடுக்குமுன் இதற்கு ஒரு பதிலைத் தயார் செய்துகொள்ளுங்கள். ‘களப்பணிக்கு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எந்த வயலில் என்று கேட்பார்கள்.