எட்டுக் கோடி ஹெக்டேர் ஆற்றல்

காங்கோ ஜனநாயகக் குடியரசில் பயிரிடத் தகுந்த நிலம் சுமார் 8 கோடி ஹெக்டேர் என்றும், அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே உழவு காண்கிறது என்றும் சொல்லாத வளர்ச்சி அறிக்கை இல்லை. ‘பயன்படுத்தப்படாத ஆற்றல்’, அதாவது கணக்கில் மட்டும் விளையும் செல்வம், அங்கே ஆண்டுதோறும் அமோக மகசூல் தருகிறது. மாபெரும் ஆறு ஒன்றின் கரையிலேயே அமைந்த தலைநகர் கின்ஷாசாவோ, கப்பலில் வந்திறங்கும் உறைந்த கடல்மீனை வாங்கிக் குழம்பு வைக்கிறது.

உள்நாட்டுக் குடியானவப் பெண், கசப்பு மரவள்ளிக்கிழங்கை அதன் சயனைடு நஞ்சு இறங்கச் சில நாள் நீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, மூட்டை கட்டி வழியோரம் அடுக்கிவிடுகிறாள். அதை ஏற்றிச்செல்ல வேண்டிய லாரி, சாலை என்று வரைபடம் மட்டுமே ஒப்புக்கொள்ளும் சேற்றில் அச்சு வரை புதைந்து கிடக்கிறது. ஆற்றல் யாரிடம் பயன்படாமல் இருக்கிறது என்பது அறிக்கை எழுதுவோர் ஆராயத்தக்கது.

அரசு சாலையை விட்டுவிட்டுப் பூங்கா அமைத்தது. விதைப்பு முதல் பதப்படுத்தல் வரை ஓரிடத்தில் நடக்கும் ‘வேளாண் பூங்கா’வாக, 2014-இல் புகங்கா லோன்சோவில் 80,000 ஹெக்டேரில் தொடங்கிய அத்திட்டம் 2017-இல் நின்றுபோனது. அதன் பணத்தைக் கையாடிய வழக்கில் முன்னாள் பிரதமர் ஒருவருக்கு அரசியல் சாசன நீதிமன்றம் 2025-இல் விதித்த தண்டனை, 10 ஆண்டு கட்டாய உழைப்பு.