நவீன ஓவியத்தின் முன் பிறக்கும் மகரம்: ஓர் இலக்கண ஆய்வு

நவீன ஓவியக் கூடத்தில் ஒருவர் படத்துக்கு எவ்வாறு பொருள் கொள்கிறார் என்று ஆராய்ந்தவர்கள் அனைவரும் கண்ணையே ஆராய்ந்தனர், மூக்கைக் கைவிட்டனர். மெல்லினத்துக்குப் பிறப்பிடம் மூக்கு என்று நன்னூலார் எப்போதோ சொல்லிவைத்தும் பயனில்லை. படத்தின் முன் நிற்பவர் முதலில் மூக்கு வழியாக ‘ம்’ என்கிறார். பொருள்கோள் அத்துடன் முற்றுப்பெறுகிறது. அதன்பின் அவர் தனிமை, நகர வாழ்க்கை, இருப்பின் வெறுமை என்று பேசுவதெல்லாம் இசைநிறை என்பதே எம் துணிபு (விரிவுக்குக் காண்க: யாம் எழுதவிருக்கும் பெருநூல், முதற்பகுதி).

இம்மகரம் பிறக்கும் முறையாவது: படத்தை ஒரு கணம் பார்த்து, உடனே சுவரோரம் போய் அருகிலுள்ள சீட்டைக் குனிந்து படித்தல்; அதில் ‘தலைப்பிடப்படாதது’ என்றிருக்கக் கண்டு இரண்டடி பின்வாங்குதல்; கைகளை மார்பில் கட்டி, ஒரு விரலை மட்டும் விடுவித்து மேலுதட்டில் வைத்தல்; தலையை இடப்புறம் சாய்த்தல். வலப்புறம் சாய்ப்பாரும் உளர், அவர் பிழைபட்டார். மெய்யெழுத்துக்கு மாத்திரை அரை, மகரக் குறுக்கத்துக்குக் கால். சிற்றுண்டிக் கடைக்கு வழிகாட்டும் பலகை கண்ணில் பட்ட மாத்திரத்தில் குறுக்கம் நிகழும். நுழைவுக் கட்டணம் கூடுதலாயின் ஒற்றளபெடையாகி ஒரு மாத்திரை பெறும். ஓவியர் ராத்கோவின் பெரிய சிவப்புப் படத்தின் முன், பக்கத்தில் ஒருவர் நம்மைக் கவனிக்கிறார் என்று தெரிந்தால் அது மூன்று மாத்திரை வரை போகும். இதற்கு இலக்கணத்தில் இடமில்லை. புறனடையாகவே கொள்ள வேண்டும் (மேற்படி பெருநூல், இரண்டாம் பகுதி, பிற்சேர்க்கை, அடிக்குறிப்பு). காதில் படவிளக்க ஒலிக்கருவி மாட்டியவர்கள் இவ்வாய்வுக்கு உரியர் அல்லர். அவர்களுக்காக வேறொருவர் முன்பே ‘ம்’ சொல்லி முடித்துவிட்டார். ‘இதை எங்கள் வீட்டுப் பிள்ளையே போட்டுவிடுமே’ என்பாரை இலக்கணம் அறியாது.

பொருள்கோள் மகரத்தோடு முடிகிறது என்பதற்குச் சான்று வேண்டுவோர் 1961க்குச் செல்க. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவ்வாண்டு அக்டோபரில் ஓவியர் மத்தீஸின் கடைசிக் காலப் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. அவற்றுள் ஒன்று ‘படகு’. 1953இல் காகிதம் வெட்டி ஒட்டிச் செய்தது. மேலே ஒரு பாய்மரப் படகு, கீழே நீரில் அதன் நிழல். அதைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். 47 நாள் அப்படியே தொங்கிற்று. அதற்குள் வந்துபோனோர் ஏறத்தாழ 1,16,000 பேர் என்று கணக்கு. நிழல் வானத்திலும் படகு தண்ணீருக்கடியிலும் இருந்த அந்நாட்களில் எவருடைய பொருள்கோளும் தடைப்பட்டதாகத் தெரியவில்லை. கடைசியில் ஜெனிவீவ் ஹேபர் என்ற பெண்மணிதான், நிழல் படகைவிட நுணுக்கமாக இருப்பது எப்படி என்று ஐயுற்றார். காட்சிப் பட்டியலோடு ஒப்பிட்டார். காவலர் காதில் போட்டுக்கொள்ளாததால் நியூயார்க் டைம்ஸுக்குச் சொன்னார். பிறகே படம் திருப்பப்பட்டது. அவர் பங்குத் தரகர். எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று பார்த்தே பிழைக்க வேண்டியவர். கலை விமரிசகர்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆகவே, மகரத்தின் அளவு படத்தின் மேல்கீழைப் பொறுத்ததன்று என்பது பெறப்படும்.

ஓவியர் கருதிய பொருள் என்று ஒன்று உண்டன்றோ எனின், மோந்திரியானைக் காட்டி மறுக்க. அவர் 1941இல் வண்ண நாடாக்களை ஒட்டி அமைத்த ‘நியூயார்க் நகரம் 1’ ஜெர்மனியின் டூசல்டோர்ஃப் நகரத்து அருங்காட்சியகத்தில் 1980 முதல் இருக்கிறது. அது தலைகீழாகத் தொங்குகிறது என்று 2022இல் அருங்காட்சியகத்தாரே சொன்னார்கள். கோடுகள் நெருங்கிய பக்கம் மேலே இருக்க வேண்டும். ஓவியர் இறந்த 1944இல் அவர் பட்டறையில் எடுத்த புகைப்படத்திலும் அப்படித்தான் இருக்கிறது. தெரிந்தபின் என்ன செய்தார்கள்? தொடவில்லை. திருப்பினால் பழைய நாடாக்கள் கழன்று விழுந்துவிடும். ஓவியர் கருத்தும் பசையின் கருத்தும் முரணினால் பசையே வலிது.

அங்ஙனமாயின் தன் மனத்துக்குப் பட்டதைச் சொல்லப் பார்ப்பவருக்கு உரிமை இல்லையா எனின், தாராளமாக உண்டு. நீலக் கட்டத்தில் ஒருவருக்குத் தன் பழைய வீட்டின் கதவு தெரிந்தால் யார் தடுக்க முடியும்? அவர் அரை மாத்திரையில் முடித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். அதே மகரத்தை நாற்பது பக்கத்துக்கு இழுத்து, பக்கத்துக்கொரு பிரெஞ்சுச் சிந்தனையாளரைத் துணைக்கழைப்பது அளபெடை ஆகாது, வெறும் மிகை (மேற்படி அடிக்குறிப்புக்கு எம் மாணாக்கர் எழுதப்போகும் மறுப்பும், அதற்கு யாம் இப்போதே எழுதிவைத்திருக்கும் மறுப்புரையும் ஒப்புநோக்குக).

எஞ்சியது சீட்டின் ஆற்றல். 2016இல் சான் ஃபிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இரண்டு இளைஞர்கள் ஒரு மூக்குக்கண்ணாடியைத் தரையில், சுவரிலிருந்த விளக்கச் சீட்டுக்கு நேர்கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். கூட்டம் கூடியது, படம் எடுத்தார்கள். சீட்டில்லாத மூக்குக்கண்ணாடியை நாம் காலால் தள்ளியிருப்போம். அதன் முன் எழுந்த மகரம் காலா, அரையா, ஒன்றா என்பதே இனித் தீர வேண்டியது. கிடைத்திருப்பவை புகைப்படங்கள் மட்டும். அவற்றில் மூக்கு தெரிகிறது, ஒலி இல்லை. எனவே பயணப்படியுடன் கூடிய நல்கைக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.