ஆனை கேட்டால் அணில்!

"ஆப்பிரிக்காவில் ஆற்றங்கரைக் காடு ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன்" என்கிறார் என் கணவர். எங்கே அழைத்துப் போவது?
- ஒரு வாசகி, நாகரசம்பட்டி

முதலில் கண்ணைத் திறந்து வைத்திருக்கச் சொல்லுங்கள். போட்ஸ்வானா நாட்டின் சோபே தேசியப் பூங்கா நல்ல இடம். கசானே ஊரில் படகேறலாம். மே முதல் அக்டோபர் வரை அங்கே மழை அரிது. உள்காட்டுக் குட்டைகள் வற்றிப்போக, யானையும் எருமையும் ஆற்றுக்கு வந்தே தீரவேண்டும். நீங்கள் தேடி அலைய வேண்டாம், தாகமே கூட்டிவந்துவிடும். 2017 கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க யானைகள் 30,000-க்குச் சற்றுக் குறைவு. அந்த ஒரு நாட்டில் மட்டும் சுமார் 1,30,000. அங்கேயும் யானை கண்ணில் படாவிட்டால் கண் டாக்டரைப் பாருங்கள்.

சிங்கத்துக்குப் பயப்பட வேண்டுமா?
- காவேரிப்பட்டணம்

கொசுவுக்குப் பயப்படுங்கள். கென்யா, உகாண்டா போன்ற நாடுகளுக்குப் போவதென்றால் குறைந்தது 10 நாள் முன்பே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால், நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். சிங்கத்திடம் தப்பியவர் சுகாதார அதிகாரியிடம் மாட்டுவார்.

கம்பெனியில் ரெண்டு நாள்தான் லீவு. ஆப்பிரிக்கா ஆகாதே?
- ஓசூர்

கபினி ஆகும். நாகரஹொளே காட்டையொட்டிய அணை, 1974-இல் கட்டியது. கோடையில் தண்ணீர் உள்வாங்க, வெளிப்படும் கரையில் புல் முளைக்கும். யானைக் கூட்டம் இறங்கும். சோபேயின் சூத்திரமேதான், படகுச் சவாரி உட்பட. அங்கே யானை குடித்து மிச்சம் வைத்த தண்ணீர்தான் பிலிகுண்டுலு தாண்டி ஒகேனக்கல் வருகிறது. மிச்சம் வைப்பது யானை மட்டும்தான் என்பது வேறு விஷயம்.

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எதுவுமே இல்லையா?
- போச்சம்பள்ளி

இருக்கிறதே! காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் 2014-இல் வந்தது. காவிரி தெற்கு 2022-இல், 686 சதுர கிலோமீட்டர். ஆற்றோர மரங்களில் சாம்பல் நிற மலை அணில், தண்ணீரில் நீர்நாய், முதலை. ஆனால் நம் காடு புல்வெளி அல்ல, புதர். யானை பத்தடியில் நின்றாலும் தெரியாது. ஆனை பார்க்கப் போய் அணில் பார்த்துத் திரும்பும் பொறுமை வேண்டும். எனக்கு அணிலே போதும்.

எங்க ராகிக் கொல்லைக்கே யானை வருது. காசு கொடுத்துப் போய்ப் பார்க்கணுமா?
- தேன்கனிக்கோட்டை

உங்களிடம்தான் டிக்கெட் வாங்க வேண்டும். ராகி கதிர்விடும் பருவத்தில் பன்னர்கட்டாவிலிருந்து கிளம்பி, ஜவளகிரி, தளி வழியாகச் சானமாவு வரை கூட்டம் வருகிறது. விடிய விடியப் பரணில் உட்கார்ந்து கொட்டடித்து விரட்டுகிறவருக்கு, 'கண்கொள்ளாக் காட்சி' என்று நகரத்துக்காரர் எழுதுவதைப் படித்தால் எரியத்தான் செய்யும். போட்ஸ்வானா விவசாயிக்கும் அதே எரிச்சல். 2024-இல் அந்நாட்டின் அப்போதைய அதிபர் மசிசி, யானையோடு எப்படி வாழ்வது என்று பாடம் நடத்திய ஜெர்மனிக்கு 20,000 யானைகளை அனுப்பிவைப்பதாகச் சொன்னார். தளி ரோட்டில் நிற்பதை எங்கே அனுப்பலாம், நீங்களே சொல்லுங்கள். கர்நாடகா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அங்கிருந்துதான் வருகிறது.