பழைய ஹாம் ரேடியோவைப் பழையபடி ஆக்கலாமா? ஐந்தே படிகளில் தீர்ப்பு

நயினார்கோவிலில் பரணைச் சுத்தம் செய்யும்போது கறுப்புப் பெட்டி ஒன்று தட்டுப்படலாம். பெரியப்பா ஹாமாக, அதாவது பொழுதுபோக்கு வானொலியாளராக, இருந்த வீடென்றால் அது பிசி-348 ஆகவும் இருக்கலாம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் பி-17, பி-24 குண்டுவீச்சு விமானங்களில் பறந்த ரிசீவர். போர் முடிந்ததும் உபரிச் சரக்காக விலைபோய் ஹாம்களின் மேசைக்கு வந்தது. இப்போது முகப்பில் கூடுதலாக ஓர் ஓட்டை, பக்கவாட்டில் சுவரில் இருக்கவேண்டிய லைட் சுவிட்ச், பின்னால் எங்கிருந்தோ வந்த ட்ரான்ஸ்பார்மர். தொழிற்சாலையில் பிறந்த கோலத்துக்கே அதைத் திருப்பலாமா? கீழ்க்கண்டபடி முடிவெடுக்கவும்.

படி 1: வாசலைச் சாத்தவும். "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்" என்ற குரல் தெருமுனையில் கேட்டால் போதும், உங்களைக் கேட்காமலே வீட்டில் முடிவு எடுத்துவிடுவார்கள்.

படி 2: பிளக்கைச் செருகும் ஆசையை அடக்கவும். காய்ந்துபோன கண்டன்சர்கள் வெடிக்கக்கூடும். அவற்றை மாற்றிவிட்டு, 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போட்டுக் கரண்ட் கொடுக்கவும். பல்பு பளிச்சென்று எரிந்தபடியே இருந்தால் உள்ளே ஷார்ட். ஒருகணம் எரிந்து மங்கினால் உங்களுக்கு யோகம். அணைத்த பிறகும் உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். விரலால் சோதிப்பவர்கள் படி 3-க்கு வருவதில்லை.

படி 3: பெரியப்பாவின் குற்றப்பட்டியலைத் தயார் செய்யவும். விமானத்தின் 28 வோல்ட்டை உயர்வோல்ட்டாக மாற்றித் தந்த டைனமோட்டரைப் பிடுங்கி, 230 வோல்ட்டுக்கு ட்ரான்ஸ்பார்மர் வைத்தது. 28 வோல்ட்டுக்காகக் கோத்திருந்த வால்வு ஹீட்டர்களை 6.3 வோல்ட்டுக்குப் பிரித்துக் கட்டியது. ஹெட்போனில் மட்டும் பேசியதை ஸ்பீக்கரில் பேசவைத்தது. திட்டிக்கொண்டே எழுதுங்கள், கை வேகமாக ஓடும்.

படி 4: தொழிற்சாலை நிலைதான் வேண்டுமென்றால் 28 வோல்ட் டிசி வேண்டும். அது விமானத்தில் இருக்கும். ஊரில் யார் வீட்டுக் கொல்லையிலாவது பி-17 நிற்கிறதா என்று விசாரிக்கவும். இல்லையென்றால் உங்களுக்கு மிஞ்சப்போவது அழகான ஊமை. பெரியப்பா வெட்டி ஒட்டியதால்தான் இந்தப் பெட்டி நம் வீட்டுக் கரண்டில் உயிர்பெற்று, 7 மெகாஹெர்ட்ஸில் ஹாம்கள் குசலம் விசாரிப்பதைக் கேட்டது. நீங்கள் எழுதிய குற்றப்பட்டியல்தான் அது ஹாம் ரேடியோவான வரலாறு. அதைச் சுரண்டி எறிவது, கும்பாபிஷேகத்துக்கு மணல்வீச்சு அடித்துக் கல்வெட்டைத் தொலைப்பது மாதிரி: தூண் புதுசாகத் தெரியும், கொடுத்தவர் பெயர் போய்விடும்.

படி 5: தீர்ப்பு. ஆளைக் கொல்லக்கூடியதை மாற்றவும்: கண்டன்சர், நைந்த வயர், எர்த் இல்லாத பாடி. கேட்கவிடாமல் தடுப்பதைச் சரிசெய்யவும். கண்ணை மட்டும் உறுத்துவதை விட்டுவிடவும், அந்த லைட் சுவிட்ச் உட்பட. கடைசியாக, நீங்கள் மாற்றியதையும் தேதிபோட்டுத் தாளில் எழுதி மூடிக்குள் ஒட்டவும். பேரப்பிள்ளை ஒருநாள் திறந்து பார்த்துத் திட்டும்போது, யாரைத் திட்டுகிறோம் என்பதாவது தெரியவேண்டாமா?