பத்து மடங்கு நஷ்ட ஈடு

என் மனைவியின் முகூர்த்தப் புடவை அரக்கு நிறக் காஞ்சிப் பட்டு. இருபத்திரண்டு வருஷத்தில் அதன்மேல் பட்ட ஒரே கறை, போன தை மாசம் ஒரு கல்யாணப் பந்தியில் சிந்திய வத்தக்குழம்பு. “கவலைப்படாதே, நானே டிரை கிளீனிங் போட்டுட்டு வரேன்” என்று வாயைக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்துப் புடவை வந்தது. வத்தக்குழம்பு கடுகளவும் மாறாமல் அதே இடத்தில் இருந்தது. அதைச் சுற்றியிருந்த புடவைதான் வெளுத்திருந்தது. கறையைப் பத்திரமாகப் பாதுகாத்துவிட்டு மற்றதையெல்லாம் துவைத்து எடுத்திருந்தார்கள். சரிகையும் கறுத்திருந்தது. நல்ல சரிகை என்பது பட்டு நூலில் சுற்றிய வெள்ளி இழை; மேலே தங்க முலாம். முலாம் போனால் உள்ளே இருக்கிற வெள்ளி கறுக்கும். இதில் திருப்திப்பட்டவர் என் அம்மா ஒருவர்தான். “பார்த்தியா, அசல் வெள்ளி!” என்றார் மருமகள் காதில் விழும்படி. புடவை எடுத்தது எங்கள் வீடு அல்லவா!

கடைக்கு ஓடினேன். கடைக்காரர் புடவையை ஒரு பார்வை பார்த்தார்.

“துணி பழசு சார்.”

“சாயம் போயிருக்கே?”

“டிரை கிளீனிங்ல தண்ணியே படாது சார். தண்ணி படாம எப்படிச் சாயம் போகும்?”

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். தண்ணீர் படாது என்பது வாஸ்தவம்தான். அதற்குப் பதில் பெர்க்ளோரோஎத்திலீன் மாதிரி ஒரு கரைப்பானில் துணியை முக்கி, எந்திரத்தில் போட்டுச் சுழற்றுகிறார்கள். சொட்டச் சொட்ட நனைகிற துணிக்கு ‘டிரை’ என்று பெயர் வைத்தவர் அரசியலில் இருந்திருக்க வேண்டியவர்.

மறுநாள் பாடத்தை ஒப்பித்தேன். கடைக்காரர் ரசீதைத் திருப்பிக் காட்டினார். பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கவேண்டிய எழுத்து. சாயம் இறங்கினால், சுருங்கினால், கிழிந்தால், தொலைந்தால், தீயோ வெள்ளமோ வந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல. அதையும் மீறிக் கேட்டால் சலவைக் கூலியில் அதிகபட்சம் பத்து மடங்கு. கூலி 350 ரூபாய்.

இந்தப் புடவை பிறந்த அதே காஞ்சிபுரத்தில்தான் திருக்குறிப்புத் தொண்ட நாயனாரும் இருந்தார். சிவனடியார் ஒருவரின் கந்தையை மாலைக்குள் வெளுத்துத் தருவதாக வாக்குக் கொடுத்தார். மழை பிடித்துக்கொண்டது, துணி காயவில்லை. துவைக்கிற கல்லில் தலையை மோதிக்கொள்ளப் போனார். வாடிக்கையாளராக வந்த சிவபெருமானே கை நீட்டித் தடுத்தார் என்கிறது பெரியபுராணம். பாவம், அவரிடம் ரசீதுப் புத்தகம் இல்லை. ‘மழை பெய்தால் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருந்தால் தலைக்கு ஆபத்தே வந்திருக்காது.

நான் கடைக்காரரைக் கல்லில் மோதிக்கொள்ளச் சொல்லவில்லை. “தப்பு நடந்துபோச்சு சார்” என்று ஒரு வார்த்தை எதிர்பார்த்தேன். வராததால் சட்டத்தைக் கையில் எடுத்தேன், அதாவது புத்தகத்தை. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணுக்குப் போன் போட்டும் முறையிடலாம். எல்லாவற்றையும்விட என்னைக் குதிக்கவைத்தது, 1960களில் நம் சென்னை உயர் நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு. சலவைக்குப் போட்ட புடவை தொலைந்துபோக, பொறுப்பைக் குறைத்து ரசீதில் அச்சடித்திருந்த நிபந்தனை செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். புடவை, சலவை, ரசீது, சென்னை: என் வழக்கை யாரோ எனக்கு முன்பே நடத்தி ஜெயித்து வைத்திருக்கிறார்கள்!

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று, புடவையின் விலைக்கு அத்தாட்சி. அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். கற்பூர வாசனையோடு பில் கிடைத்தது.

அங்கேதான் வழக்கு தோற்றது. இருபத்திரண்டு வருஷமாகச் சம்பந்தி வீட்டில் நாங்கள் சொல்லிவரும் விலை 18,000. பில்லில் இருந்தது 7,200.

ஆணையத்தில் தாக்கல் செய்தால் அதன் நகல் எதிர்த்தரப்புக்குப் போகும். எனக்கு எதிர்த்தரப்பு கடைக்காரர் மட்டுமல்ல. அம்மா ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்து பில்லை வாங்கி, மடித்து, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் கடைக்குப் போய், பெருந்தன்மையோடு பத்து மடங்குக்குச் சம்மதித்தேன். கடைக்காரர் டீ வரவழைத்தார்.

“3,500 ரூபாய்க்கு எப்ப வேணும்னாலும், என்ன துணி வேணும்னாலும் கொண்டாங்க சார். காசே வேண்டாம்.”

“பணமாத் தரமாட்டீங்களா?”

“ரசீதுல பணம்னு போடலையே சார்.”

ஆக, புடவையைப் பாழாக்கியதற்கு நஷ்ட ஈடாக, இன்னும் பத்துத் துணிகளைப் பாழாக்கும் உரிமையை அவருக்கே கொடுத்துவிட்டு வந்தேன்.

எதைக் கொடுப்பது? போனால் போகட்டும் என்கிற துணியாக இருக்க வேண்டும். தலைதீபாவளிக்கு மாமனார் எடுத்துக் கொடுத்த கடுகு நிறச் சஃபாரி சூட் பீரோவின் அடியில் கிடந்தது. எங்கேயோ பட்ட மஞ்சள் கறையைக் காரணம் காட்டி, அதைப் போடாமலே காலம் தள்ளியிருந்தேன். நிம்மதியாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பத்தே நாளில் வந்தது. கறை இருந்த இடம் தெரியவில்லை. சாயம் ஒரு இழைகூட மங்கவில்லை. பொத்தான்கள் பளபளத்தன.

மனைவி அதைத் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“புதுசு மாதிரியே இருக்குங்க. பொங்கலுக்கு எங்க வீட்டுக்குப் போறப்ப இதையே போட்டுக்கங்க.”