நெப்போலியனுக்கு நெகிரி செம்பிலானில் என்ன வேலை?

பொம்மைச் சிப்பாய் சேர்ப்பவர்கள், அவற்றை வெட்டி ஒட்டி வர்ணம் பூசுபவர்கள், இவர்களோடு குடும்பம் நடத்துபவர்கள் என்று மூன்று கட்சியும் எழுதிய கடிதங்களுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: தோட்டத்தில் பிறந்தவனுக்கு நெப்போலியன் பொம்மை எதற்கு என்று அப்பா கேட்கிறார். என்ன சொல்ல?
‘லயத்துப் பீரங்கி’, ரந்தாவ்

பதில்: இப்போது ஒன்றும் சொல்லாதீர்கள். நவராத்திரி வரட்டும். அம்மா பெட்டியை இறக்குவார். பழைய வேட்டித் துணி சுற்றிய பொம்மைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். மூக்குடைந்த செட்டியாருக்கு மூக்கு ஒட்டுவார், நிறம் உதிர்ந்த நந்திக்கு வெள்ளை பூசுவார், எல்லாரையும் வரிசைப்படி படியில் நிறுத்துவார். பேண்டு வாத்தியக்காரர் செட்டில் ஒருவர் காணாமல் போனால் வீடே இரண்டாகும். சேர்ப்பது, பழுது பார்ப்பது, வர்ணம் பூசுவது, அணிவகுப்பது: உங்கள் வேலையும் இதே நாலுதான். கொலு வைத்தால் சுண்டல் கிடைக்கும், நெப்போலியன் வைத்தால் திட்டு கிடைக்கும், அவ்வளவே வித்தியாசம்.

கேள்வி: சாப்பாட்டு மேசை முழுக்கப் பிரஞ்சுப் படை. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். இதற்கு விடிவே இல்லையா?
‘சரணடைந்த மனைவி’, சிரம்பான்

பதில்: தங்கச்சி, இங்கிலாந்தில் வில்லியம் சைபோர்ன் என்று ஒரு ராணுவ அதிகாரி இருந்தார். நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர்க்களத்தைச் சிறிய அளவில் செய்து தரும் வேலை 1830இல் அவர் தலையில் விழுந்தது. பெல்ஜியத்துக்குப் போய், போர் நடந்த இடத்திலேயே மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்தார். 1838இல் லண்டனில் அது காட்சிக்கு வந்தபோது அதில் 70,000க்கும் அதிகமான குட்டிச் சிப்பாய்கள். நடுவில் அரசாங்கம் பணத்தை நிறுத்திவிட, மனிதர் கடனில் மூழ்கினார். பிரஷ்யப் படைக்கு அதிகப் பெருமை கொடுத்துவிட்டார் என்று அந்தப் போரின் ஆங்கிலேயத் தளபதி வெலிங்டன் பிரபுவுக்கு வேறு மனத்தாங்கல். உங்கள் வீட்டுக்காரர் ஒரு மேசையோடு நிற்கிறார், கடனும் இல்லை, பிரபுவின் கோபமும் இல்லை. இருந்தாலும் ஒரு சமாதான ஒப்பந்தம் சொல்கிறேன்: ஒரு பலகை வெட்டச் சொல்லுங்கள். போர் எல்லாம் அதன்மேல். சோறு வெந்ததும் போர்க்களம் கட்டிலுக்கு அடியில் போய்விட வேண்டும்.

கேள்வி: நான் புதுசு. 28 மில்லிமீட்டர் பொம்மை வாங்கவா, 1/72 வாங்கவா?
‘நேற்றுச் சேர்ந்த சிப்பாய்’, பகாவ்

பதில்: 28 மி.மீ. சிப்பாய்க்குப் பொத்தான், புருவம் எல்லாம் உண்டு. வர்ணம் பழக அவனே நல்லவன், விலைதான் கொஞ்சம் கடிக்கும். 1/72 அளவில் ஒரு பெட்டி வாங்கினாலே ஒரு படைப்பிரிவு வந்துவிடும், விலையும் குறைவு. ஆனால் பெரும்பாலும் வளைகிற பிளாஸ்டிக், துப்பாக்கி வளையும்போது பூசிய வர்ணம் செதில் செதிலாக உரியும். அதற்கு வழி உண்டு: பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி நன்றாகக் காயவைத்து, வெள்ளைப் பசையைத் தண்ணீராக்கி ஒரு கை பூசுங்கள். அதன்மேல் வர்ணம் நிற்கும். 6 மி.மீ. அளவும் இருக்கிறது. அதில் முகம் என்பது ஒரு புள்ளி. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

ஒரே ஒரு கட்டளை: வாங்கியதைப் பூசி முடிக்காமல் அடுத்த பெட்டி வாங்காதீர்கள். இதை நானும் கடைப்பிடிப்பதில்லை, இதுவரை யாரும் கடைப்பிடித்துப் பார்த்ததும் இல்லை.

கேள்வி: பெட்டி பெட்டியாகப் பிரஞ்சுக்காரன் கிடைக்கிறான், ஆங்கிலேயன் கிடைக்கிறான். நம்ம ஆள் மட்டும் கடையில் இல்லையே?
‘தலைப்பாகை’, போர்ட்டிக்சன்

பதில்: கடையில் இல்லாவிட்டால் என்ன, கத்தி இருக்கிறதே. ஆங்கிலேயக் காலாட்படை பொம்மை ஒன்றை எடுங்கள். தொப்பியைச் சீவி எறிந்துவிட்டு, இரண்டு பாகமாகப் பிசையும் எப்பாக்ஸி மாவில் மெல்லிய திரி உருட்டித் தலையில் சுற்றுங்கள். விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தலைப்பாகை உங்கள் கட்டைவிரலில் ஏறிக்கொள்ளும். மதராஸ் சிப்பாயின் பழைய ஓவியங்களில் மேலே ஆங்கிலேயனின் சிவப்புக் கோட்டு, கீழே தொடையோடு நிற்கும் வெள்ளைக் கால்சட்டை, அதன் விளிம்பில் நீலக் கூர்வரி, காலில் செருப்பு. தொடைக்குக் கீழே பொம்மையின் கால்சட்டை மடிப்பை அரத்தால் ராவி எடுத்துவிட்டால் வெறுங்கால் தயார்.

தலைப்பாகையில் மட்டும் அலட்சியம் கூடாது. 1805 நவம்பரில் மதராஸ் தலைமைத் தளபதி ஜான் கிராடக்கின் நிர்வாகம் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை கொண்டுவந்தது. அது பார்வைக்குத் தொப்பி, அதில் தோலால் ஒரு குஞ்சம். கூடவே அணிவகுப்பில் நெற்றிக்குறி வேண்டாம், கடுக்கன் வேண்டாம், தாடியை எடு என்றும் உத்தரவு. 1806 ஜூலை 10 விடியுமுன்பே வேலூர்க் கோட்டையில் துப்பாக்கி வெடித்தது. கோட்டைக்குள் காவலில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகள், சம்பளம், கோபதாபம் என்று காரணங்கள் பல உண்டு. ஆனாலும் முதல் பொறி தலைப்பாகைதான். கிளர்ச்சி நசுக்கப்பட்ட பிறகு கிராடக்கையும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. சீருடையில் ஒரு குஞ்சம் தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று கேட்கும் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: நெப்போலியனுக்கும் மலாயாவுக்கும் நீங்களாக முடிச்சுப் போடுகிறீர்கள். உண்மையைச் சொல்லுங்கள்.
‘சரித்திர வாத்தியார்’, குவாலா பிலா

பதில்: வாத்தியார் ஐயா, முடிச்சைப் போட்டவர் நெப்போலியன். 1810இல் ஹாலந்தைப் பிரான்ஸோடு சேர்த்துக்கொண்டார். உடனே டச்சுக்காரரின் ஜாவாவும் அவர் கணக்கில் ஏறியது. பார்த்துக்கொண்டிருப்பார்களா கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள்? 1811இல் கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபு தானே கப்பலேறி வந்துவிட்டார். படை கூடிய இடம் மலாக்கா. ஏறத்தாழ 12,000 பேர், கூடவே யோசனை சொல்ல ராபிள்ஸ். ஜூனில் மலாக்காவிலிருந்து பாய் விரித்து, ஆகஸ்டு 4இல் ஜாவாவில் இறங்கி, 26ஆம் தேதி மேஸ்டர் கொர்னேலிஸ் அரணைப் பிடித்தார்கள். இன்று அது ஜகார்த்தாவுக்குள் ஜாத்திநகாரா. செப்டம்பரில் பிரஞ்சுக் கொடிக்குக் கீழே இருந்த ஆளுநர் ஜான்சன்ஸ் சரணடைந்தார்.

அந்த அரணைத் தாக்கிய படையை முன்நின்று நடத்தியவர் யார் தெரியுமா? ராபர்ட் ரோலோ கில்லெஸ்பி. ஐந்து வருடம் முன்பு ஆற்காட்டிலிருந்து குதிரையை விரட்டிக்கொண்டு போய் வேலூர்க் கிளர்ச்சியை அடக்கிய அதே ஆள். அன்று வேலூரில் சிப்பாய்களிடம் மாட்டிக்கொண்ட வெள்ளைக்காரப் படைப்பிரிவு 69ஆவது. ஜாவாவுக்கு அதுவும் வந்தது. பாதை வெட்ட, ஏணி சுமக்க, அகழி தூர்க்க மதராஸ் பயனியர்களும் வந்தார்கள். ஜாவா என்ற போர்க்கௌரவம் இன்றும் அவர்கள் வழிவந்த மதராஸ் சாப்பர் படைக்கு உண்டு. தமிழ் வேரும் அரபு வேரும் கொண்ட முன்ஷி அப்துல்லா அப்போது மலாக்காவில் பதின்ம வயதுப் பையன். மிண்டோ வந்திறங்கிய ஆரவாரத்தைப் பின்னாளில் தன் ‘ஹிக்காயத் அப்துல்லா’வில் எழுதிவைத்தார்.

ஆகவே வாட்டர்லூவைச் செய்ய உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் வீட்டு வாசலில் படை கூடியதை நாம் செய்யாவிட்டால் யாரும் செய்யப்போவதில்லை.

கேள்வி: வர்ணம் பூசி என்னடா சாதிக்கப் போகிறாய் என்று மாமா கேலி செய்கிறார்.
‘தூரிகை’, நீலாய்

பதில்: மாமாவைப் புலாவ் ஆவுருக்கு அழைத்துப்போங்கள். மெர்சிங் பக்கம், ஜொகூர்க் கடல். 1804 பிப்ரவரியில் சீனாவிலிருந்து தேயிலையும் பட்டும் ஏற்றிக்கொண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகக் கப்பல்கள் அந்த வழியே வந்தன. துணைக்குக் கடற்படைக் கப்பல் ஒன்றுகூட இல்லை. எதிரே பிரஞ்சு அட்மிரல் லினோய், 74 பீரங்கிக் கப்பலோடு. கம்பெனிக் கப்பல்களின் வர்ணமும் தோற்றமும் தூரத்துப் பார்வைக்குப் போர்க்கப்பலாகத் தெரியும். அவற்றை நடத்திவந்த நத்தானியேல் டான்ஸ் அதோடு கடற்படைக் கொடியையும் ஏற்றி, அணிவகுத்து நேரே போனார். கொஞ்ச நேரம் சுட்டுப் பார்த்துவிட்டு லினோய் திரும்பி ஓடினார். தேயிலை வியாபாரி போர்க்கப்பலை இரண்டு மணி நேரம் துரத்தினார். டான்ஸுக்கு சர் பட்டம், லினோய்க்கு நெப்போலியனிடம் வசவு. மாமாவுக்கு இது போதும்.

கேள்வி: கடைசியில் மேட் வார்னிஷ் அடித்தேன். என் குதிரைப்படை மொத்தமும் வெளுத்துப்போய் ஆவிப்படை ஆகிவிட்டது!
‘பனிமூட்டம்’, லாபு

பதில்: வார்னிஷைத் திட்டாதீர்கள், காற்றில் இருக்கும் ஈரம் செய்த வேலை. மழை கட்டிய சாயங்காலத்தில் ஸ்பிரே டின்னைத் தொடவே கூடாது. வெயில் ஏறிய பத்து, பதினொரு மணிக்கு, ஒரே இடத்தில் நின்று பொழியாமல் விட்டுவிட்டு அடியுங்கள். அடிவர்ணத்துக்கும் இதே விதி. வெளுத்தவர்களுக்கு முதலில் பளபளப்பு வார்னிஷ் ஒரு கை பூசுங்கள், மூட்டம் பெரும்பாலும் கலையும். காய்ந்த பிறகு மேட் வார்னிஷைத் தூரிகையால் மெல்லப் பூசலாம். அப்படியும் போகாத நாலு பேரை ரஷ்யாவுக்கு அனுப்பிவிடுங்கள். நெப்போலியன் படை சிக்கிய 1812இன் பனிக்குப் பொருத்தமாக இருப்பார்கள்.

கேள்வி: நாற்பது வருடம் பால் வெட்டியவன் நான். பேரன் உலோகச் சிப்பாயைக் காட்டி ‘இங்கிலாந்து சாமான் தாத்தா’ என்று பீற்றிக்கொள்கிறான்.
‘பழைய மங்கு’, லுக்குட்

பதில்: பேரனை உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டுங்கள், ஐயா. உலோகப் பொம்மை வார்க்கும் அச்சு ரப்பர். கந்தகம் கலந்த இரண்டு ரப்பர் வட்டுகளுக்கு நடுவே மூலப் பொம்மையை வைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைத்தால் அதன் உருவம் பதிந்து அச்சாகும். அச்சைச் சுழலவிட்டு நடுவில் உருகிய உலோகத்தை ஊற்றினால், அது சிதறி ஓடி மீசை நுனிவரை நிரம்பும். இப்போது சிலர் சிலிக்கோன் அச்சும் வைத்திருக்கிறார்கள். ஊற்றுகிற உலோகத்தில் முக்கியப் பங்கு ஈயத்துக்கும் வெள்ளீயத்துக்கும். வெள்ளீயம் எங்கே கிடைத்தது? உங்கள் லுக்குட்டில், சுங்கை ஊஜோங்கில், ஜெலுபுவில். பால்மரம் வருவதற்கு முன்பே நெகிரி செம்பிலானுக்குச் சண்டையும் சம்பாத்தியமும் கொடுத்த சரக்கு அது. அச்சுக்கு ரப்பர், வார்க்க வெள்ளீயம், இரண்டும் இந்த மண் விளைவித்தவை. இங்கிலாந்துக்காரன் கூலிக்கு ஊற்றிக் கொடுத்தான் என்று சொல்லுங்கள்.

பழைய பொம்மையில் ஈயம் அதிகம். தொட்டால் கை கழுவச் சொல்லுங்கள், சின்னப் பிள்ளை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். புழுக்கமான மர அலமாரியில் அடைத்தால் ஈயம் வெண்பொடி பூத்து அரித்துப்போகும், காற்றாட வையுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் போரே நடக்கவில்லையா? எல்லாம் மலாக்கா, ஜாவா என்றே போகிறதே.
‘எல்லைக் காவலன்’, தம்பின்

பதில்: உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் அலோர் காஜா, தாபோ நானிங். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரி கொடு என்று கம்பெனி கேட்டது. நானிங் பெங்ஹுலு, அதாவது தலைவர், டோல் சைட் முடியாது என்றார். 1831இல் மதராஸ் 29ஆவது படைப்பிரிவுச் சிப்பாய்கள் சுமார் 150 பேரும் இரண்டு பீரங்கிகளும் கிளம்பின. மரத்தை வெட்டிப் பாதையில் சாய்த்துவிட்டு, புதருக்குப் பின்னாலிருந்து நானிங்காரர்கள் சுட்டார்கள். ரெம்பாவ்காரர்கள் அவர்களுக்குத் துணை. படை மலாக்காவுக்கே திரும்பியது. மறு வருடம் ரெம்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பெரிய படையோடு காட்டை வெட்டி வழி செய்துகொண்டே போய் ஜூனில் தாபோவைப் பிடித்தார்கள். வரியாக வரவேண்டியது அற்பத் தொகை, செலவு ஒரு லட்சம் பவுன் என்று சொல்லப்படுகிறது. எந்தக் கிராணி கணக்கு எழுதினாரோ!

வாட்டர்லூ முடிந்து 16 வருடம் கழித்து நடந்தது என்றாலும், அதே சிவப்புக் கோட்டு, அதே வகைத் துப்பாக்கி. தலைப்பாகை சுற்றிய அந்த மதராஸ் சிப்பாயைச் சின்னத் திருத்தத்தோடு இங்கேயும் இறக்கலாம். பச்சை ஸ்பாஞ்சைப் பிய்த்துக் காடு செய்யுங்கள். வரிசையாக நின்று சுடுகிற படை காட்டுக்குள் என்ன பாடுபடும் என்பது விளையாடும்போது புரியும்.

கேள்வி: என் தம்பி பகடை உருட்டினால் ஆறு, நான் உருட்டினால் ஒன்று. நியாயமா?
‘எப்போதும் தோற்பவன்’, கெமாஸ்

பதில்: 1824இல் பிரஷ்ய அதிகாரிகளுக்குப் போர் விளையாட்டு விதி எழுதிய ரெய்ஸ்விட்ஸ் என்பவரே பகடையைச் சேர்த்துத்தான் எழுதினார். அதிர்ஷ்டம் இல்லாத போர் கிடையாது என்பது கணக்கு. ஆனால் நடுவர் ஒருவரையும் உட்காரவைத்தார். எச்.ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதியபோது பகடைக்குப் பதில் குச்சி சுடும் ஸ்பிரிங் பீரங்கியே வைத்துக்கொண்டார். உங்கள் வீட்டு ஜன்னலை நினைத்து முதல் வழியையே சொல்கிறேன்: பகடையை டம்ளரில் போட்டுக் குலுக்கட்டும், நடுவராக அம்மா இருக்கட்டும்.

கேள்வி: சிப்பாய் தயார். முகத்துக்கு எந்த நிறம்? கடையில் ‘தோல் நிறம்’ என்று விற்கும் புட்டியில் இருப்பது வெள்ளைக்காரன்.
‘கறுப்பன்’, ரெம்பாவ்

பதில்: அந்தப் புட்டியைத் துரைமாருக்கு ஒதுக்குங்கள். நம்மவர்களுக்குக் கரும்பழுப்பில் தொடங்கி, கொஞ்சம் சிவப்பும் ஒரு துளி மஞ்சளும் சேர்த்து, கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் ஒரு படி வெளுப்பாகத் தொடுங்கள். வெள்ளையைச் சேர்க்காதீர்கள், முகம் சாம்பல் பூக்கும். எல்லாருக்கும் ஒரே கலவை வேண்டாம். உங்கள் தோட்டத்துக் கல்யாணப் படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சித்தப்பாவுக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் பூசுங்கள். கில்லெஸ்பியின் முகத்துக்கு ஓவியம் இருக்கிறது. ஏணி சுமந்த பயனியரின் முகத்துக்கு இருப்பது உங்கள் தூரிகைதான், தாராளமாக உங்கள் சொந்தக்காரரையே வரையுங்கள், யாரும் வழக்குப் போடமாட்டார்கள். துரைமாருக்கு ஒரே கலவை போதும். ஆனால் ஆகஸ்டு வெயிலில் ஜாவாவில் நின்றவர்கள், மூக்கு நுனியில் சிவப்பு வைக்க மறக்காதீர்கள்.