பேராண்டியும் மொட்டைமாடி வெயிலும்

வாடா பேராண்டி, உக்காரு. மூணு கிலோவாட்டுக்கு சோலார் போட்டுட்ட. பிரதமர் சூர்ய கர் திட்டத்துல 78,000 ரூபா மானியமும் வாங்கிட்ட. இந்த ஆடுகோடியில உன்னைவிடப் பெரிய மனுஷன் யாரு? ஆனா பொழுது விடிஞ்சா போன்ல யூனிட் பாக்குற, ராத்திரி படுக்கப்போறப்பவும் பாக்குற. நிலா வெளிச்சத்துக்கும் ஓடுதான்னு சோதிக்கிறியோ என்னமோ.

பெங்களூரு வெயிலுக்கு ஒரு கிலோவாட்டு நாளைக்குச் சுமாரா நாலு யூனிட் குடுக்கும். உனக்கு மூணுக்குப் பன்னெண்டு வரணும். வரலைன்னா பேனல்காரனைத் திட்டுறதுக்கு முந்தி மாடிக்குப் போயி நிழலைப் பாரு. தண்ணித் தொட்டியைத் தெக்கால வெச்சிருக்க. மார்கழி, தையில சூரியன் தெக்கே சாஞ்சு வரும்; தொட்டி நிழல் நேரா பேனல் மேல படுத்துக்கும். பேனலுக்குள்ள செல்லெல்லாம் வரிசையாக் கோத்தது. போரடிக்கிற பிணையல்ல ஒரு மாடு படுத்துக்கிட்டா மத்ததும் நின்னுதானே ஆகணும்? உள்ள டயோடு வெச்சிருக்கான், வாஸ்தவம். நிழல் விழுந்த பக்கத்தை விட்டுட்டு கரண்டைச் சுத்தி அனுப்பும். ஆனா ஒரு மூலை நிழலுக்கு பேனல்ல மூணுல ஒரு பங்கு தூங்கும். இதுல உங்கம்மா துணிக்கொடி வேற. ஒரு ஈரப் பொடவை காயறதுக்கு நீ எத்தனை யூனிட் தானம் பண்றேன்னு யாரும் கேக்கலை!

பக்கத்து வீட்டுக்காரன் பிஜி விடறதுக்கு இன்னொரு மாடி எழுப்பப்போறானாம். இப்பவே ஒரு கூடை மாம்பழம் குடுத்து சிநேகமாயிரு.

அப்புறம் அந்த வாஸ்து. ஜோசியர் சொன்னாருன்னு பேனலைக் கிழக்கே பாத்து வெச்சிருக்கியே, சாமி படமாடா அது? நம்ம ஊரு பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகை. தெக்கப் பாத்து அதே 13 பாகை சாய்ச்சா வருஷம் பூரா நல்லா வரும். கிழக்குன்னா பெரிய நட்டமில்ல, கொஞ்சம்தான். சூரியனே சித்திரையில நம்ம தலைக்கு நேரா வந்து, வடக்கால போயி, ஆவணி பொறக்கறப்ப திரும்பறான். உன் ஜோசியர்தான் நகர மாட்டேங்கறாரு.

நடுமத்தியானத்துல கொதிக்கிற பேனல் கண்ணாடியில பச்சைத்தண்ணி ஊத்தற பார், அந்த அறிவை எங்க படிச்ச? விரிசல் விடும்டா. விடியக்காலையில கழுவு. போர்வெல் தண்ணி வெள்ளையாப் படியும். ஆர்ஓ மிஷின் கழிக்கிறதுல உப்பு இன்னும் ஜாஸ்தி. குடிதண்ணியை அள்ளி ஊத்தவும் கூடாது. 2024 மார்ச்சுல இந்த ஊர்ல அதுல கார் கழுவினாலே 5,000 ரூபா அபராதம்னாங்க. மழைத்தண்ணியைப் புடிச்சு வெச்சு, மெத்துனு ஒரு துணியால துடை.

பேனலுக்கு வெயில் வேணும், சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் நூத்துல அரைப்பங்குக்குக் கொஞ்சம் கொறச்சலா உற்பத்தி நழுவும். அதனால அடியில காத்து போக இடம் விடு. அங்க பழைய சைக்கிளை ஒளிச்சு வெக்காதே.

இன்னொண்ணு. கரண்ட் போனா உன் வீட்லயும் இருட்டுதான். பேட்டரி இல்லாத இன்வர்ட்டர் தானா நின்னுக்கும். உன் கரண்ட் கம்பியில பாயாம இருந்தாத்தானே கம்பத்துல ஏறினவன் உசுரோட இறங்குவான்? தெருவுல பீத்திக்கறதுக்கு முந்தி இதைத் தெரிஞ்சுக்க.

சரி, எந்திரி. தொட்டியை வடக்கால தள்ள ஆள் கூப்புடு. துணிக்கொடி சமாச்சாரத்தை மட்டும் உங்கம்மாகிட்ட நீயே சொல்லு. எனக்கு மூணு வேளை சோறு அந்தக் கையாலதான்.